புதினா சவர்க்காரம் வீட்டிலேயே செய்யலாமா? பச்சை நிறமும் வாசனையும் எங்கிருந்து வருது?

உங்கள் குளியலறையில் இருக்கும் சவர்க்காரத்தின் உறையைத் திருப்பிப் பாருங்கள். பொடி எழுத்தில் 'சோடியம் பால்மேட்', 'சோடியம் பாம் கெர்னலேட்' என்று இரண்டு பெயர்கள் பெரும்பாலும் முதல் வரியிலேயே இருக்கும். ஏதோ ஆய்வுக்கூடச் சரக்கு மாதிரி தெரிகிறதா? முதலாவது செம்பனைப் பழச் சதையின் எண்ணெய். இரண்டாவது அதே பழத்தின் கொட்டைக்குள் இருக்கும் பருப்பின் எண்ணெய். இரண்டையும் காரத்தோடு சேர்த்துச் சவர்க்காரமாக்கிய பிறகு வரும் பெயர்கள்தான் அவை.

லாபு, ரந்தாவ், லிங்கி, பகாவ் என்று நெகிரி செம்பிலானில் எந்தப் பக்கம் போனாலும் கண்ணில் படுவது அந்த மரம்தான். அந்தத் தோட்டங்களில் தாத்தா பாட்டி காலத்தில் கித்தா மரம் இருந்தது. பிறகு பல இடங்களில் செம்பனை வந்தது. நீலாய், சிரம்பான் பக்கம் சில தோட்டங்கள் இப்போது வீடமைப்புப் பகுதிகளாகவே மாறிவிட்டன. ஆனாலும் சமையலறையில் செம்பனை எண்ணெய், வாசலில் ஒரு தொட்டிப் புதினா, பின்னால் ஒரு முருங்கை மரம் என்ற பழக்கம் இன்னும் பல வீடுகளில் போகவில்லை.

இந்தப் பொருள்களை வைத்தே மணமான, பச்சை நிறப் புதினா சவர்க்காரம் செய்ய முடியுமா? முடியும். ஆனால் சமூக ஊடகக் காணொளிகளில் காட்டுவது போல இலையை அரைத்து ஊற்றினால் வேலை முடிந்துவிடாது. எது நடக்கும், எது நடக்காது, எங்கே ஆபத்து இருக்கிறது என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

'கெமிக்கல் இல்லாத' சவர்க்காரம் இருக்கா?

இல்லை. எவ்வளவு இயற்கையான சவர்க்காரமாக இருந்தாலும் அது ஒரு வேதிவினையில்தான் பிறக்கிறது.

எண்ணெயையும் வலுவான காரத்தையும் சேர்த்தால் எண்ணெய் உடைந்து இரண்டு பொருள்கள் கிடைக்கும். ஒன்று சவர்க்காரம், மற்றொன்று கிளிசரின். சவர்க்கார மூலக்கூறின் ஒரு முனை தண்ணீரோடு ஒட்டும், மறுமுனை எண்ணெயோடு ஒட்டும். அதனால்தான் உடம்பில் இருக்கும் பிசுக்கைப் பிடித்துத் தண்ணீரோடு இழுத்துக்கொண்டு போகிறது.

அந்தக் காரம் சோடியம் ஹைட்ராக்சைடு. கடையில் 'சோடா ஆப்பி' என்று கேட்டால் கிடைக்கும் காஸ்டிக் சோடா அதுதான். 'சவர்க்காரம்' என்ற சொல்லிலேயே காரம் இருக்கிறதே, கவனித்தீர்களா? தமிழ்நாட்டில் சலவைத் தொழிலாளர்கள் துணி வெளுக்க உவர்மண்ணைப் பயன்படுத்தியதும் அந்த மண்ணில் இருந்த காரத்துக்காகத்தான்.

சரியான அளவில் செய்து ஆறவிட்ட சவர்க்காரத்தில் காஸ்டிக் சோடா மிச்சம் இருக்காது. முழுவதும் எண்ணெயோடு வினைபுரிந்து தீர்ந்துவிடும். அளவு தப்பினால்தான் மிச்சம் நிற்கும். அது தோலை அரிக்கும். ஆகவே இந்த வேலையில் மிக முக்கியமான கருவி தராசு.

செம்பனைக்கும் சவர்க்காரத்துக்கும் எத்தனை நாள் உறவு?

செம்பனை ஆப்பிரிக்காவின் மேற்குப் பகுதியைச் சேர்ந்த மரம். 19ஆம் நூற்றாண்டில் அங்கிருந்து கப்பல் கப்பலாகப் பிரிட்டனுக்கு எண்ணெய் போனதற்குச் சவர்க்காரத் தொழில் ஒரு பெரிய காரணம். மலாயாவில் வணிக முறையில் செம்பனை நட்டது 1917இல், சிலாங்கூரின் தென்னமாரம் தோட்டத்தில். இன்று இந்தோனேசியாவுக்கு அடுத்தபடியாக உலகில் அதிகமாகச் செம்பனை எண்ணெய் எடுக்கும் நாடு மலேசியா.

1950களில் கோலாலம்பூரின் பங்சாரில் லீவர் பிரதர்ஸ் தொழிற்சாலை சவர்க்காரம் தயாரித்துக்கொண்டிருந்தது. துணிக்குப் பார் சவர்க்காரம், குளிக்க லைப்பாய், தலைக்குச் சீயக்காய் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். குலை வெட்டியவரின் உழைப்பு ஆலைக்குப் போய், எண்ணெயாகி, சவர்க்காரமாகி, கடைசியில் அவர் வீட்டுக் குளியலறைக்கே திரும்பி வந்தது.

செம்பனை எண்ணெயில் கிட்டத்தட்ட 44 விழுக்காடு பால்மிடிக் அமிலம். இது சவர்க்காரத்துக்குக் கெட்டித்தன்மையும் நின்று வரும் நுரையும் தரும். தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம். அது குபுகுபுவென்று பெரிய நுரை தரும், அழுக்கையும் நன்றாக எடுக்கும். ஆனால் தேங்காய் எண்ணெய் அதிகமானால் தோல் வறண்டுபோகும். அதனால்தான் இரண்டையும் கலக்கிறோம்.

ஒரு குறிப்பு. போத்தலில் வரும் சமையல் எண்ணெய், செம்பனை எண்ணெயின் திரவப் பகுதி. அதில் செய்த சவர்க்காரம் கடைச் சவர்க்காரத்தை விடக் கொஞ்சம் மென்மையாக இருக்கும். அது குறையில்லை, கூடுதல் நாள் காய விட்டால் சரியாகிவிடும்.

புதினாவை அரைச்சுப் போட்டா பச்சையா வருமா?

முதல் நாள் வரும். ஒரு வாரத்தில் பழுப்பாகிவிடும்.

புதினா இலையின் பச்சைக்குக் காரணம் பச்சையம். அது வெளிச்சமும் காற்றும் பட்டால் வெளுத்துப்போகும். இலையில் இருக்கும் வேறு சில பொருள்கள் காரத்தில் காற்று பட்டதும் பழுப்பாக மாறும். நறுக்கிப் போட்ட இலைத் துண்டுகள் தேயிலைத் தூள் மாதிரி கறுத்துப்போவது இதனால்தான். பச்சை இலையில் ஈரம் அதிகம் என்பதால் கெட்டுப்போகும் வாய்ப்பும் உண்டு.

காரம் நிறத்தை மாற்றும் என்பது நமக்குப் புதிய சங்கதி இல்லை. ஆரத்தித் தட்டை நினைத்துப் பாருங்கள். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்ததும் தண்ணீர் சிவக்கிறதே, அது மஞ்சள் காரத்தைச் சந்தித்ததன் விளைவு. சவர்க்காரத்திலும் அதே கதைதான். மஞ்சள் தூளைப் போட்டதும் கலவை செங்கல் நிறத்துக்குப் போகும், ஆறிய பிறகு மெல்ல ஆரஞ்சு கலந்த மஞ்சளில் வந்து நிற்கும்.

அப்படியானால் பச்சைக்கு என்ன வழி?

• பச்சைக் களிமண்: அழகுப் பொருள் கடைகளில் தூளாகக் கிடைக்கும். இதன் நிறம் இலையில் இருந்து வருவதில்லை, மண்ணில் இருக்கும் இரும்புத் தாதுகளில் இருந்து வருகிறது. அதனால் வெளிச்சத்திலும் காரத்திலும் நிலைத்து நிற்கும். மங்கலான, அமைதியான பச்சை.

• முருங்கை இலைப் பொடி: நிழலில் காய வைத்து நைசாக அரைத்துச் சலித்தது. தொடக்கத்தில் நல்ல பச்சை, சில வாரங்களில் ஆலிவ் நிறம், பிறகு பழுப்பு. வெளிச்சம் படாமல் வைத்தால் கொஞ்ச நாள் கூடுதலாகத் தாங்கும்.

• ஸ்பைருலினா: பளிச்சென்ற பச்சை. ஆனால் வெயில் பட்டால் போய்விடும்.

• பாண்டான் இலை, சங்குப்பூ: நாசி லெமாக்கிலும் கொழுக்கட்டையிலும் அசத்தும் இவை இங்கே ஏமாற்றும். பாண்டானின் பச்சையும் வாசனையும் நிற்காது. சங்குப்பூவின் நீலம் காரத்தில் பச்சை, மஞ்சள் என்று மாறி, மங்கிப்போகும்.

நிறம் நிற்க வேண்டும் என்றால் களிமண். வீட்டுப் பொருளில்தான் செய்வேன் என்றால் முருங்கை. பழுப்பானாலும் சவர்க்காரம் கெட்டுவிடவில்லை, நிறம்தான் மாறியிருக்கிறது.

வாசனை மட்டும் ஏன் நிக்க மாட்டேங்குது?

ஒரு கட்டுப் புதினாவில் வாசனை எண்ணெய் மிக மிகக் குறைவு. தேநீருக்கு அது போதும். காரத்தின் சூட்டையும் பல வாரக் காய்ச்சலையும் தாண்டி மூக்குக்கு எட்ட அது போதாது. ஆகவே மணத்துக்குப் புதினா இலையில் இருந்து வடித்தெடுத்த வாசனை எண்ணெய் வேண்டும்.

இதிலும் இரண்டு வகை. பசாரில் வாங்கும் நம் சட்னிப் புதினாவின் மணத்துக்குக் காரணம் கார்வோன் என்ற பொருள். பற்பசை, சூயிங்கம் மாதிரி 'ஜில்' என்று இருக்கும் பெப்பர்மிண்டில் இருப்பது மென்தால். குளிர்ச்சி வேண்டுமானால் பெப்பர்மிண்ட் எண்ணெய்தான் வாங்க வேண்டும்.

அந்தக் குளிர்ச்சி உண்மையா? தோலின் வெப்பம் இறங்குவதில்லை. குளிரை உணரும் நரம்பில் டி.ஆர்.பி.எம்.8 என்ற உணர்வாங்கி இருக்கிறது. மென்தால் அதைத் தட்டி எழுப்புகிறது, மூளை 'குளிருது' என்று நினைத்துக்கொள்கிறது. இந்த உணர்வாங்கியைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் பட்டபூட்டியன் இருவரும் வெப்பம், தொடுதல் பற்றிய ஆய்வுகளுக்காக 2021ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

இதே காரணத்தால்தான் அளவு முக்கியம். அதிகம் போட்டால் குளிர்ச்சி எரிச்சலாகிவிடும். கைக்குழந்தைகளுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் மென்தால் சவர்க்காரம் வேண்டாம். முகத்தருகே போனால் அவர்களுக்கு மூச்சுத் தடுமாறும் ஆபத்து இருக்கிறது.

முதல் முறையா செய்றீங்களா? இந்த வழியில் தொடங்குங்க

18 வயதுக்குக் கீழே இருந்தால், அல்லது வீட்டில் தவழும் குழந்தை இருந்தால், காஸ்டிக் சோடாவைத் தொடாத வழி ஒன்று உண்டு. உருக்கி ஊற்றும் சவர்க்காரக் கட்டி கடைகளிலும் இணையத்திலும் கிடைக்கும். காரம் சேர்க்கும் வேலையைத் தொழிற்சாலையிலேயே முடித்து அனுப்பியிருப்பார்கள்.

250 கிராம் கட்டியைச் சிறு துண்டுகளாக வெட்டுங்கள். கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் இன்னொரு பாத்திரத்தை வைத்து அதில் உருக்குங்கள். அரைத் தேக்கரண்டி பச்சைக் களிமண்ணை ஒரு கரண்டித் தண்ணீரில் குழைத்துச் சேர்த்துக் கலக்குங்கள். சூடு தணிந்து மேலே ஆடை படியத் தொடங்கும்போது 3 கிராம் பெப்பர்மிண்ட் எண்ணெய் விட்டு அச்சில் ஊற்றுங்கள். சில மணி நேரத்தில் தயார்.

எண்ணெயில் இருந்தே செய்யணும்னா

இது பெரியவர்களுக்கான வழி. பொருள்களைக் கிராம் கணக்கில் நிறுக்க வேண்டும். கப், கரண்டிக் கணக்கு ஆகாது.

• செம்பனைச் சமையல் எண்ணெய்: 350 கிராம்
• தேங்காய் எண்ணெய்: 150 கிராம்
• காஸ்டிக் சோடா: 72 கிராம்
• காய்ச்சி வடித்த நீர்: 165 கிராம்
• பெப்பர்மிண்ட் வாசனை எண்ணெய்: 10 கிராம்
• பச்சைக் களிமண் அல்லது முருங்கைப் பொடி: ஒரு தேக்கரண்டி

72 கிராம் எப்படி வந்தது? ஒவ்வொரு எண்ணெயும் இவ்வளவு காரத்தைத்தான் ஏற்கும் என்று ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு கிராம் செம்பனை எண்ணெய்க்கு 0.141 கிராம், தேங்காய் எண்ணெய்க்கு 0.183 கிராம். பெருக்கிக் கூட்டினால் 76.8 கிராம் வரும். அதில் ஏறக்குறைய 6 விழுக்காட்டைக் குறைத்துப் போடுகிறோம். அப்போது கொஞ்சம் எண்ணெய் மிச்சம் நிற்கும், தோலுக்கும் பாதுகாப்பு. எண்ணெயை மாற்றினால் இந்தக் கணக்கையும் மாற்ற வேண்டும். வேறு எண்ணெயை அப்படியே ஊற்றிவிட முடியாது.

1. நீள் கை சட்டை, ரப்பர் கையுறை, கண் மூடிய பாதுகாப்புக் கண்ணாடி, காலணி போடுங்கள். சன்னல்களைத் திறங்கள். பிள்ளைகளும் வளர்ப்புப் பிராணிகளும் வெளியே.

2. தண்ணீர் இருக்கும் பாத்திரத்தில் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கலக்குங்கள். சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது, பொங்கித் தெறிக்கும். கலவை 80 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடாகும், ஆவியை முகர வேண்டாம்.

3. எவர்சில்வர் அல்லது சூடு தாங்கும் தடித்த பிளாஸ்டிக் பாத்திரம் மட்டுமே. அலுமினியச் சட்டி வேண்டவே வேண்டாம். காரம் அலுமினியத்தை அரித்து, தீப்பிடிக்கும் ஹைட்ரஜன் வாயுவை வெளியேற்றும். இந்த வேலைக்கு எடுத்த பாத்திரத்தில் திரும்பச் சமைக்காதீர்கள்.

4. எண்ணெய்களை இலேசாகச் சூடாக்கிக் கலக்குங்கள். களிமண்ணை ஒரு கரண்டி எண்ணெயில் குழைத்து அதோடு சேருங்கள். எண்ணெயும் காரநீரும் இரண்டும் 40 டிகிரிப் பக்கம் வரும் வரை பொறுங்கள்.

5. காரநீரை எண்ணெயில் மெல்ல ஊற்றி, கைப்பிடி பிளெண்டரால் விட்டு விட்டு அடியுங்கள். கலவை தோசை மாவுப் பதத்துக்கு வரும். கரண்டியில் எடுத்துச் சொட்டவிட்டால் அந்தக் கோடு மேலே ஒரு கணம் நின்று மறைய வேண்டும். அப்போது பெப்பர்மிண்ட் எண்ணெயை விட்டுக் கையால் கலக்குங்கள்.

6. சிலிக்கான் அச்சில் ஊற்றுங்கள். பால் பெட்டியைப் பயன்படுத்தினால் உள்ளே பேக்கிங் காகிதம் விரியுங்கள். நம் கடைகளில் கிடைக்கும் பல பால் பெட்டிகளுக்குள் அலுமினியப் படலம் இருக்கிறது.

7. ஒன்றிரண்டு நாள் கழித்து, கையுறையோடு எடுத்து வெட்டுங்கள். 7 அல்லது 8 கட்டிகள் கிடைக்கும். இடைவெளி விட்டு அடுக்கி, 4 முதல் 6 வாரம் காய விடுங்கள்.

அந்த 4 வாரத்தை யாரும் சுருக்க வேண்டாம். வேதிவினை முதல் சில நாளிலேயே பெரும்பாலும் முடிந்துவிடும். மீதி நாள் தண்ணீர் வெளியேறிக் கட்டி இறுகுவதற்கு. நம்ம ஊர் ஈரக் காற்றில் சவர்க்காரத்தின் மேல் வேர்வை மாதிரி துளிகள் நிற்கலாம். கிளிசரின் காற்றின் ஈரத்தை இழுப்பதால் அப்படி. விசிறிக் காற்று படும் இடத்தில் வைத்தால் போதும்.

பயன்படுத்துவதற்கு முன் பி.எச். தாளால் சோதியுங்கள். 9க்கும் 10க்கும் இடையே இருப்பது சாதாரணம். 11ஐத் தாண்டினாலோ, வெள்ளைத் திட்டாகக் கட்டி நின்றாலோ உடம்புக்கு வேண்டாம்.

மேலே பட்டுட்டா என்ன செய்றது?

உடனே ஓடும் தண்ணீரில் பிடியுங்கள். குறைந்தது 20 நிமிடம். நனைந்த துணியைக் கழற்றுங்கள். வினிகர், எலுமிச்சைச் சாறு, பற்பசை, மஞ்சள் எதுவும் வேண்டாம். காரத்தைப் புளிப்பால் முறிக்கலாம் என்று வினிகரைத் தேடி ஓடும் நேரத்தில் காயம் ஆழமாகிவிடும். கண்ணில் பட்டால் இடைவிடாமல் கழுவிக்கொண்டே 999 எண்ணுக்கு அழையுங்கள். யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், உடனே 999. தோட்டத்துக்குள் இருந்து ஆஸ்பத்திரி போய்ச் சேர நேரமாகும். அதுவரைக்கும் தண்ணீர்தான் முதல் சிகிச்சை.

இன்னொன்று. மிச்சக் காரநீரையோ சோடாவையோ மினரல் வாட்டர் போத்தலில் ஊற்றி வைக்காதீர்கள். பார்ப்பதற்குத் தண்ணீர் மாதிரியே இருக்கும். தாகத்தில் வரும் பிள்ளை எடுத்துக் குடித்தால் தொண்டை வெந்துவிடும். வந்த டப்பாவிலேயே, பெயர் எழுதி, பூட்டிய அலமாரியில் வையுங்கள். குழாய் அடைப்பு நீக்கும் தூளையும் சோடாவுக்குப் பதிலாகப் பயன்படுத்த வேண்டாம். சிலவற்றில் அலுமினியத் துகளும் சாயமும் கலந்திருக்கும்.

பொரித்த எண்ணெய் ஆகுமா? மானிய எண்ணெய் ஆகுமா?

வடை, பஜ்ஜி சுட்ட எண்ணெயை வடிகட்டிச் சவர்க்காரமாக்கலாம். ஆனால் அது தரை, துணி, பாத்திரம் தேய்க்க மட்டும். வாடையும் நிறமும் போகாது, புதினாவும் அதை மறைக்காது. சாக்கடையில் ஊற்றுவதை விட அது எவ்வளவோ மேல்.

2 ரிங்கிட் 50 காசு மானிய விலைப் பாக்கெட் எண்ணெய் வீட்டுச் சமையலுக்காக அரசாங்கம் கொடுப்பது. அதை வைத்து வியாபாரம் செய்யக் கூடாது. விற்பதற்கென்றால் போத்தல் எண்ணெய் வாங்குங்கள்.

பசார் மாலாமில் விற்கலாமா?

தீபாவளிக்குச் சொந்தக்காரர்களுக்குக் கொடுப்பது வேறு, காசுக்கு விற்பது வேறு.

மலேசியாவில் குளியல் சவர்க்காரம் அழகுசாதனப் பொருளாகக் கருதப்படுகிறது. 2008 ஜனவரி 1 முதல், விற்பனைக்கு வரும் ஒவ்வோர் அழகுசாதனப் பொருளும் சுகாதார அமைச்சின் கீழ் இயங்கும் தேசிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பான என்.பி.ஆர்.ஏ.விடம் அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும். அதற்குப் பதிவுபெற்ற வணிகம் வேண்டும். தயாரிக்கும் இடம் சுத்தமான உற்பத்தி நெறிகளைப் பின்பற்ற வேண்டும். உறையில் சேர்மானம், தொகுதி எண், தேதி எல்லாம் இருக்க வேண்டும். வாட்சாப்பில், டிக்டாக்கில் விற்றாலும் இதே விதிதான். மீறும் தனிநபருக்கு முதல் குற்றத்துக்கே 25,000 ரிங்கிட் வரை அபராதமோ, 3 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம்.

'படை நீங்கும்', 'எக்ஸிமா குணமாகும்' என்று எழுதவும் முடியாது. நோயைக் குணப்படுத்துவதாகச் சொல்வது மருந்துக்குரிய பேச்சு. தோலில் ஒரு நிமிடம் இருந்து கழுவிப்போகும் சவர்க்காரத்தில் புதினா செய்வது மணமும் குளிர்ச்சியும்தான். அதற்கு மேல் யார் உறுதி கொடுத்தாலும், வாங்கும் முன் உறையில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

நீங்கள் பரிசாகக் கொடுக்கும் கட்டிக்கும் ஒரு சின்னச் சீட்டு ஒட்டுங்கள். செய்த தேதி, சேர்த்த எண்ணெய்கள், 'பெப்பர்மிண்ட் எண்ணெய் உண்டு, சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம்' என்ற ஒரு வரி. ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அந்த வரி பயன்படும். முதல் தடவை பயன்படுத்துபவர்கள் முழங்கையின் உள்பக்கத்தில் நுரையைத் தடவிக் கழுவி, ஒரு நாள் பொறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சிவக்கவில்லை, அரிக்கவில்லை என்றால் தாராளமாகக் குளிக்கலாம்.